நூறு வரை எண்ணுகிறவள்

ரீகா நகரத்து டிசம்பரில்
பகல் என்பது ஒரு தேநீர் இடைவேளை.
ஒன்பது மணிக்கு எட்டிப் பார்க்கும் சூரியன்
நான்கு அடிப்பதற்குள் கடையைக் கட்டிவிடும்.
எனக்கு வெளிச்சம்
நுண்ணோக்கியின் அடியில் எரிகிற சின்ன விளக்கு.

கண்ணாடித் தகட்டில் ஒரு துளி இரத்தம்.
ஊதாச் சாயம் ஏறிய வெள்ளணுக்கள்.
மூன்று மடல் கருவோடு
முதலில் ஓடிவந்து முதலில் சாகிறவை.
முகமெல்லாம் கருவாய் உருண்டு நிற்கிறவை,
பழைய பகையை மறக்காத சாதி.
அவரை விதைபோல் வளைந்த கருவுள்ள தடியன்கள்.
விரலுக்கு ஒரு பொத்தான்.
நூறு ஆனதும் மணி அடிக்கும்,
ஒரு மனிதரை மூடிவைத்து
அடுத்தவரை எடுப்பேன்.

பத்தொன்பது வருடம்.
டிராமில், மாடிப்படியில், பிறந்தநாள் விருந்தில்
கேட்பார்கள்:
உனக்குத் தெரிந்திருக்குமே,
எதைத் தின்றால் அது கூடும்?
கூடிப்போவதும் ஒரு நோய்தான் என்று
விருந்தில் சொல்ல முடியுமா.
கேக்கில் இன்னொரு துண்டு வாங்கிக்கொள்வேன்.

என் வீட்டு அலமாரியிலேயே
கரடிக் கொழுப்பு ஒரு புட்டி,
இஞ்சிச் சாறு, துத்தநாக மாத்திரை,
மூடி திறக்காத ஏதோ ஒரு வேர்.
எல்லாம் ஸிகுர்ட்ஸ் வாங்கியவை.
இரவெல்லாம் பனி வாரும் வண்டி ஓட்டிவிட்டு
நின்றபடி தொத்திறைச்சி தின்று
நான்கு மணி நேரம் தூங்கி
மீண்டும் சாவியை எடுக்கிறவர்.
தூங்கு என்றால்,
அதற்குத்தானே இந்த மாத்திரை என்பார்.

ஜனவரியில் நெஞ்சில் சளி கட்டியது.
ஆம்புலன்சில் போனார்.
மறுநாள் என் மேசைக்கு வந்த தகடுகளில்
ஒன்றின் பிறந்த தேதியை
எனக்குத் தெரிந்திருந்தது.
முதீதேயிடம் தள்ளியிருக்க வேண்டும்.
தள்ளவில்லை.

மடல் பிரியாத இளசுகள்.
எங்கு நகர்த்தினாலும் இளசுகள்.
ஆட்கள் தீர்ந்துபோன ஊர்
மீசை முளைக்காத பையன்களைப்
போருக்கு அனுப்பியதுபோல.
மணி அடித்தது.
நான் நிறுத்தவில்லை,
இன்னொரு நூறு எண்ணினேன்.

மருந்துதான் காப்பாற்றியது.
அதை மறைப்பதற்கில்லை.
வீட்டுக்கு வந்த அன்று
கரடிக் கொழுப்பைக் குப்பையில் போட்டார்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பகல் வேலைக்கு மாற்றிக்கொண்டார்.
சம்பளத்தில் கொஞ்சம் குறைந்தது,
அதனால் வெண்ணெயிலும் குறைந்தது.
சனிக்கிழமை சந்தையில்
ஸ்கைத்ரீதேயின் பீப்பாயிலிருந்து
புளித்த முட்டைக்கோஸ் அரைக் கிலோ.
சீக்கிரம் புளிக்க ஏதாவது சேர்ப்பீர்களா என்று கேட்டதற்கு
அவள் எங்களை
மேலும் கீழும் பார்த்தாள்.
மசகு படிந்த கையை முழங்கைவரை கழுவுகிறார்.
கால்வாய்ப் பாலம்வரை நடந்து திரும்புகிறோம்,
போகும்போது முனகல்,
வரும்போது பேச்சு.
ஜன்னலைப் பத்து நிமிடம் திறந்துவைத்தால்
தெருவைச் சூடாக்குகிறாயா என்கிறார்.
ஊசி போடும்போது சுவரைப் பார்க்கிறார்.
சிகரெட் இன்னும் மூன்று இருக்கிறது.
அதில் நான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

மார்ச்சில் மறுபடி மூக்கொழுகல்.
பார்த்தாயா, உன் கோஸ் கைவிட்டுவிட்டது என்று
எக்களிப்போடு தும்மினார்.
மூன்றாம் நாள் எழுந்து
சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டார்.
கோஸா, தூக்கமா, வெறும் அதிர்ஷ்டமா,
என் நுண்ணோக்கியில் அது தெரியாது.

இப்போது பத்து மணிக்கு விளக்கணைக்கிறோம்.
அவர் மூச்சை எண்ணுவது
எனக்குப் பழக்கமாகிவிட்டது.
பொத்தான் இல்லை, மணி இல்லை.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
நாற்பதுக்கு மேல்
ஒரு நாளும் போனதாக நினைவில்லை.