பீப்பாயின் அடி

அந்தப் பெயரைச் சொன்னால்
எங்கள் வீட்டில் கரண்டிகள் ஒரு கணம் நின்றுவிடும்.
ஹல்வர் வீகன்.
1911இல் கல்லாப்பெட்டியோடு
அமெரிக்காவுக்குக் கம்பி நீட்டியவன்.
கூட்டாளியை நடுத்தெருவில் நிறுத்தியவன்.
அந்தக் கூட்டாளி என் கொள்ளுத்தாத்தா, டோர்கைர் லோத்தே.
கைக்கடிகாரம் வரை விற்றுக் கடனை அடைத்தாராம்.
குட்வைக் அத்தை இதை
ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சொல்லி முடிப்பாள்,
உருளைக்கிழங்கு ஆறுவதற்குள்.

நான் பல் செய்பவன். பீங்கானில், பிறர் வாய்க்கு.
பொருந்தாத ஒன்று எங்கே உறுத்தும் என்று
என் விரலுக்குத் தெரியும்.
இந்தக் கதையில் உறுத்தியது கப்பல்.
அந்த அக்டோபரில் பெர்கனை விட்டுப் போன
எந்தப் பயணிப் பட்டியலிலும்
வீகன் இல்லை.

பிப்ரவரி. மழை. இந்த ஊரில் அது செய்தி அல்ல.
மஞ்சள் கடுதாசி கொடுத்தவர்களின் கோப்புகள்
ஆவணக் காப்பகத்தில், தரைக்குக் கீழே இரண்டாம் தளத்தில்.
பென்சில் மட்டும்தான் என்றார் அலுவலர்.

ஷ்டெட்டினுக்குப் போனவை நானூற்றுப் பன்னிரண்டு பீப்பாய்.
மேலே ஹெர்ரிங், வரிசை குலையாமல், வெள்ளி வயிறு மேல்நோக்கி.
முழங்கை ஆழத்துக்குக் கீழே
கடற்கரைக் கூழாங்கல்.
ஜெர்மன் தரகர் கடிதத்தோடு
ஒரு கல்லையும் வைத்து அனுப்பியிருக்கிறார்.
கல் இப்போது இல்லை.
அது இருந்த இடத்தில்
தாளில் ஓர் உப்பு வட்டம்.

அந்தக் குளிர்காலம் மீன் கரைக்கு வரவில்லை
என்கிறது வேறொரு கோப்பு,
காரணமாக அல்ல, வானிலையாக.

பிறகு எடைப் புத்தகம்.
பக்கத்துக்குப் பக்கம் ஏழு.
தூண்டில் முள்ளாய் வால் வளைந்த ஏழு.
வீட்டு பைபிளின் முதல் தாளில்
பிள்ளைகள் பிறந்த தேதிகளில்
அதே முள் தொங்குகிறது.
என் தாத்தா பிறந்தது ஏழாம் தேதி.

கடனை அடைத்தது உண்மைதான்.
நூறுக்கு இருபத்தாறு.

வீகனின் வாக்குமூலம் இரண்டு வரி:
எனக்குத் தெரியாது.
ஆனால் பலகையில் என் பெயரும் இருக்கிறது.

நாற்பத்தொன்றிலிருந்து ஐம்பத்தெட்டு வரை பக்கங்கள் இல்லை.
கத்தி, அவசரமில்லாமல்.

1920இன் மக்கள்தொகைக் கணக்கில் ஆள் அகப்பட்டார்.
வீகன், ஹல்வர். துறைமுக எடைக்கூடத்தில் எடுபிடி.
முகவரி, எங்கள் வீட்டிலிருந்து மூன்று தெரு.
அமெரிக்கா அவ்வளவு கிட்டத்தில் இருந்திருக்கிறது.
அவர் சாகும்வரை, பத்தொன்பது வருடம்,
இருவரும் ஒரே கடையில் ரொட்டி வாங்கியிருக்க வேண்டும்.
தொப்பியைத் தொட்டார்களா,
எதிர்ச்சாரிக்கு மாறினார்களா,
எந்தப் பதிவேட்டிலும் அதற்குக் கட்டம் இல்லை.

அத்தையிடம் சொன்னேன்.
"அது வேற வீகனா இருக்கும்."
தட்டை நகர்த்தினாள்.
"நீ பல் செய்யிற வேலையப் பாரு."

சோல்ரூன் வீகன் ஹவுகசுண்டில் பஸ் ஓட்டுகிறாள்.
தொலைபேசியில் உற்சாகமாகவே பேசினாள்.
லோத்தேயா, கேள்விப்பட்டதில்லையே.
திவால், கல், கப்பல்
எதுவும் அவர்கள் வீடுவரை வந்து சேரவில்லை.
ஒரே ஒரு கதை இருக்கிறது, சின்னது,
உங்களுக்கு உதவாது என்றாள்.

டிசம்பர் தோறும் வாசலில்
பெயரில்லாத சிறு பீப்பாய் ஒன்று வந்து நிற்குமாம்.
உப்பிட்ட ஹெர்ரிங்.
யாரையும் தொடவிடாமல்
ஹல்வர் சட்டையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டு
கையை உள்ளே விடுவாராம்,
விரல் அடிப்பலகையைத் தட்டும்வரை.
பிள்ளைகள் சிரிப்பார்களாம்.
என்ன தேடுறீங்க என்றால்
கையைத் துடைத்துக்கொள்வாராம்.

"அடியில் என்ன இருந்தது?"

"மீன்தான். எல்லா வருஷமும் மீன்தான்.
ஏன் கேட்கிறீங்க?"

பஸ் கிளம்ப
இன்னும் நான்கு நிமிடம் இருக்கிறது என்றாள்.