எட்டாவது கை

பிரபுவின் மீன் ஏட்டுக்கு
ஒரு தாளுக்கு இரண்டு படி அரிசி.
கணக்கன் நுகதா
முள்முள்ளாக எண்ணித்தான் முத்திரை குத்துவான்.
போன மாதம் ஒரு சங்கராவின் முதுகில்
முள் ஒன்று குறைகிறதென்று
தாளையே திருப்பிவிட்டான்.

நோதோவில் அன்று மழைக்கு முந்திய இருட்டு.
கொமாகிச்சி ஈரப் பாசியில் சுருட்டிக்
கொண்டுவந்து போட்டான் ஒரு பேய்க்கணவாயை.
இவர் தூரிகை எடுப்பதற்குள்
மூன்று முறை நிறம் மாறியது:
மரத்தொட்டியில் மரம்,
பாசியருகே பாசி,
இவர் நிழல் விழுந்ததும் வெளுப்பு.
"எது உன் நிறம், சொல்லித் தொலை" என்றார்.
சொல்லவில்லை. செத்தபின் சாம்பல்.

நான் பைன் கரி மையை உரசிக்கொண்டிருந்தேன்.
சிப்பி ஓட்டை இடித்துச் சலித்த வெள்ளையைப்
பசையில் குழைத்துக்கொண்டிருந்தேன்.
எங்கள் மீன்களின் வயிறெல்லாம் சிப்பிதான்;
எங்கள் கடலெல்லாம் எரிந்த பைன் காடு.

வட்டம் வட்டமாக உறிஞ்சிகளை வைத்தார்,
காசளவிலிருந்து கடுகளவு வரை.
கடைசியில் பார்த்தால் ஏழு கை.

"விலாங்கு கடித்திருக்கும்" என்றான் கொமாகிச்சி.
"எட்டாய் வரைந்துவிடுங்கள், கடலுக்கா தெரியப்போகிறது?"
"என் முன்னால் இருப்பது ஏழு" என்றார் இவர்.
நாளை கணக்கன் வருகிறான்.
அகப்பை இரண்டு நாளாய்ப்
பானையின் அடியைச் சுரண்டுகிறது.

சண்டை போடவில்லை நான்.
வேகவைக்குமுன் கல்லுப்புப் போட்டுப் பிசைந்தேன்;
வழவழப்பு நுரைத்து வழிந்தது.
தோல் மடிப்புக்குள் விரல் இடறியது.
சுண்டுவிரலைவிடச் சின்னது,
நுனி சுருண்டது,
அதிலும் உறிஞ்சிகள்,
தினை தினையாய்.
கடிபட்ட இடத்தில்
திரும்ப முளைத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கத்தினேன். மைக்கையோடு ஓடிவந்தார்.
விளக்கை அவர் பிடித்தார்.
வரைந்தது நான்,
அவர் கை நடுங்கியதால் அல்ல,
கண்டது என் விரல் என்பதால்.
மூன்று முடி விட்டு மீதியைக் கத்தரித்த தூரிகை;
மூச்சு விடாமல் ஒரு கோடு,
அதன்மேல் சிப்பி வெள்ளையில்
சிவப்பு கலந்தும் கலக்காமலும்.

நுகதா விரல்விட்டு எண்ணினான்.
ஏழில் நின்றான். குனிந்தான்.
மூக்கு தாளில் படுமளவு குனிந்தான்.
"எட்டு" என்று எழுதினான்.
பிறகு, யாரும் கேட்காமலே,
பக்கத்தில் பொடி எழுத்தில்:
"ஒன்று இளையது."

அரிசி வந்தது.
சாட்சிதான் இல்லை.
முந்தின இரவே காடியில் தொட்டுத் தின்றுவிட்டோம்.
அந்தச் சின்னக் கையை
எங்களில் யார் மென்றோம் என்பது
இருட்டில் தெரியவில்லை.