முப்பத்திரண்டு டிகிரி

சித்திரை. கணவாய்க் காற்றும் ஓய்ந்துவிட்ட ராத்திரி.
வாளையாறிலிருந்து கஞ்சிக்கோடு ஆலை வாசல் வரை
எஞ்சின் அணைத்த லாரிகள்.
இன்குபேட்டரில் நாற்பது டிகிரி.
வெளியே அவ்வளவு இல்லை என்றால்
மயிலாத்தாள் ஒப்பமாட்டாள்.

கண்ணாடிச் சில்லில் குரங்கின் சிறுநீரகச் செல்கள்.
அவற்றுக்குள் ஒரு புரதம்,
மாட்டின் வாயைப் புண்ணாக்கும் வைரஸின் மேலுறையில் இருப்பது.
பச்சை விளக்கைக் கட்டிவிட்டது மட்டும் நாங்கள்.
சூட்டில் மடிப்பு சேராமல்
உள்வலையிலேயே நிற்கிறது,
செல் முழுக்க
நனைந்த கொசுவலை மாதிரி
பச்சை.

பிறக்கும்போதே அதன்மேல் ஏறுகிறது
பதினான்கு சர்க்கரை கோத்த கிளை.
நுனியில் மூன்று குளுக்கோஸ்.
இரண்டு உடனே போகும். ஒன்றைப் பிடித்தபடி
ஒரு கை காத்திருக்கும், மடியட்டும் என்று.
அதுவும் போனால் கை விடும்.
அப்புறம் ஒரு பரிசோதகன் தடவிப் பார்ப்பான்.
மடிப்பில் கோணலா?
திரும்பவும் ஒரு குளுக்கோஸ், திரும்பவும் அந்தக் கை.
போ. வா. போ.
இதற்கிடையில் வேறெங்கோ ஒரு கத்தரி
மன்னோஸை ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருக்கும்.
கடிகாரம் அதுதான்.
கிளை போதுமான அளவு மொட்டையானால்
இது தேறாது என்று அர்த்தம்.
பின்வாசல் வழியே வெளியே இழுத்துத்
துண்டு துண்டாக்கிவிடும் செல்.

(பரிசோதகன் என்று எழுதியது தப்பு.
அங்கே யாரும் இல்லை.
மோதல், ஒட்டல், விலகல்.
உவமைக்கு நான் மாணவர்களின் மார்க்கைக் குறைப்பவள்.)

"சித்தூர் தாலுக்கா ஆபீஸ்" என்றாள் மயிலாத்தாள்,
சில்லுகளைச் சாராயத்தில் அலசிக்கொண்டே.

அவள் வீடு வேலந்தாவளத்தில்.
மகள் சௌபர்ணிகாவுக்கு நர்சிங் சீட்டு,
சாதிச் சான்றிதழ் வந்தால்.
கிணத்துக்கடவில் பிறந்த அப்பனுக்கு ஒரு பட்டியல்,
இங்கே பிறந்த பிள்ளைக்கு வேறு பட்டியல்.
அதே குலதெய்வம், அதே சுடுகாடு.
நாலு முறை போன மனு
நாலு முறையும் புது முத்திரையோடு திரும்பியது.
ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தாள்
கழன்று எங்கோ போயிருந்தது.

பன்னிரண்டு ஐம்பதுக்குச் சூட்டை இறக்கினேன்.
முப்பத்திரண்டு.
மருந்தில்லை, திருத்தமில்லை,
எட்டு டிகிரி குறைவு, அவ்வளவே.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
லிஜேஷ் நாற்காலியில் வாய் திறந்து தூங்கினான்.
பிறகு வலை அங்கங்கே முடிச்சிட்டது.
ஒன்றரைக்குக் கருவின் ஓரத்தில்
பச்சைக் குவியல்: கோல்கி.
அங்கே பழைய சர்க்கரையைக் களைந்து
புதியதைக் கட்டுவார்கள்
(கட்டுவார்கள்! யார்?)
அங்கிருந்து பொட்டுப் பொட்டாக,
நுண்குழாய்த் தண்டவாளத்தில்,
சில நின்று, ஒன்று பின்னோக்கி ஓடி,
மறுபடி திரும்பி
விளிம்புக்கு.

இருபது வருஷமாக இதைப் பார்க்கிறேன்.
பிழையே இல்லாத புரதம் என்று சொல்லமாட்டேன்.
ஓரெழுத்து மாறியதுதான்.
ஆனால் அந்த ஓரெழுத்து
இந்தச் சூட்டில் மட்டுமே பிழை.

மூன்று மணிக்கு அவளைக் கூப்பிட்டேன்.
முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குனிந்தாள்,
தன் மூச்சுப் பட்டு அதற்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று.
"நவுருது" என்றாள்.
அப்புறம், தலையைத் தூக்காமலே,
"அந்த ஆபீசுல ஏசி இருக்குங்க."

சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

நோட்டில் எழுதினேன்: 32, நூற்றுப் பத்து நிமிடம், விளிம்பு.
பிறகு லிஜேஷை எழுப்பாமல்
ஆய்வகத்து ஜெராக்ஸில், விதிக்குப் புறம்பாக,
ஒவ்வொரு தாளுக்கும் மூன்று நகல்.
முதல் பஸ் ஐந்து நாற்பதுக்கு.
ஒரு மூலையில் பின் அடிப்பதுதான் வழக்கம்.
நான்கிலும் அடித்தேன்.