மூன்றுக்கும் நான்குக்கும் இடையில்

இருமாதீங்க சிகப்பி,
இப்ப இருமக் கூடாது.

செக்காலை ரோடு ஆஸ்பத்திரி, இரவு இரண்டே கால்.
தலையணையைக் கட்டிக்கொண்டு
குனிந்திருக்கிறாள்.
முதுகில் மருந்து தடவிய பழுப்பு வட்டம்,
அதன் நடுவே என் ஊசி.

எலும்புக்கும் தண்டுவட உறைக்கும் நடுவே
கொழுப்பில் புதைந்து கிடக்கும் சிரைவலை.
வால்வு கிடையாது அதற்கு.
மேலேயும் போகும், கீழேயும் வரும்,
ஒரு தும்மலுக்கே திசை மாறும்.

கொப்புடையம்மன் தேர் நிற்கும் நாளில்
மதுரை பஸ்ஸெல்லாம்
பின்தெருக்களில் நுழைந்து திணறுமே,
அப்படித்தான்:
பிள்ளை பெருஞ்சிரையின் மேல்
சாய்ந்து உட்கார்ந்துவிட
இந்தச் சந்துகள் வீங்கிக் கிடக்கின்றன.

குழாயில் சிவப்பு ஏறியது.
மெல்ல உருவினேன்.
"என்னாச்சு டாக்டர்?"
"இன்னொரு தரம் குத்தணும்."
அவ்வளவுதான் சொன்னேன்.

ஒரு முள் மேலே,
இரண்டுக்கும் மூன்றுக்கும் இடையில்.
கெட்டியாய் முறைத்த சிரிஞ்சு
சட்டென்று வழிவிட்டது.
இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

இனி இருமிக்கலாம் என்றேன்.
அவளுக்கு இருமலே வரவில்லை,
சிரிப்புத்தான் வந்தது.

அந்தச் சிரிப்புக்கும் உள்ளே
ரத்தம் ஒரு படி ஏறி
இறங்கியிருக்கும்.