செலோவுக்கும் ஒரு சீட்

வெள்ளி இரவு, திருகோணமலை ஸ்டேஷன்.
"கொழும்புக்கு ரெண்டு."
கவுன்டர்க்காரர் முதல் மாதம்
என் முதுகுக்குப் பின்னால் ஆளைத் தேடினார்.
இதுதான் ஐயா ஆள், என்றேன்.
இப்போது கேட்பதில்லை,
மீதிக் காசைக்கூட எண்ணி வைத்திருக்கிறார்.

ஜன்னலோரம் அதற்கு.
கழுத்தை என் தோளில் போட்டுத் தூங்கி வருகிறது
மாமியார் வீட்டுக்குப் போகும் புது மாப்பிள்ளை மாதிரி.

உப்புவெளி ஹோட்டலில்
ஆறு கல்யாணத்துக்கு வாசித்த காசு
ஒரேயொரு தந்தி.
மூன்றாம் நாள்
டச்பேக் காற்றில் அறுந்தது.
அம்மா கொப்பியில் எழுதினா:
கம்பி, ஒரு மூடை அரிசி.

கந்தளாயில் ஏறினாள் ஒருத்தி, இடுப்பில் பிள்ளை.
பெட்டியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
எழும்பி என் இடத்தைக் கொடுத்தேன்.
கல்லோயாச் சந்தி வரைக்கும்
பிள்ளை பெட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தது.
உள்ளேயிருந்து யாரும் திறக்கவில்லை.

ஒத்திகையில் கடைசி நாற்காலி எனக்கு,
தூணுக்கு அந்தப் பக்கம்.
இரண்டாம் பகுதியில்
அறுபத்திரண்டு தாளக்கட்டு சும்மா இருக்கவேண்டும்.
வயலின்காரருக்கு அழ எவ்வளவோ இருக்கிறது.
எண்கள் எனக்கு நடுவில் தவறிவிடும்,
அதனால் ஸ்டேஷன்களைச் சொல்கிறேன்:
சீனக்குடா, தம்பலகாமம், முள்ளிப்பொத்தானை...
கோட்டையில் பெயர்கள் தீர்ந்து
திரும்பி வருகிறேன்,
பெட்டி இல்லாமல், டிக்கெட் இல்லாமல்,
உதடு மட்டும் அசைய.

கந்தளாய்.
தம்பலகாமம்.

சீனக்குடாவில்
கடல் தெரியும் வளைவில்
வில்லைத் தூக்குகிறேன்.