வாலுக்குச் சேதி

பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு.
டோக்கன் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.
கடலுக்குப் போகாத ரெக்சன்
என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்,
கையில் பொரிகடலை.
இரவு ஒன்றேகால்.

திரையில் என் கப்பல்.
என்னுடையது என்றால்
அதன் இடது விலாவில் தொண்ணூற்றாறு ஃபிரேம்,
நாலு விநாடி.
மூக்கை யாரோ செய்தார்கள், தீயை யாரோ.
விண்மீன்களை எந்த ஊர்க்காரர் தூவினாரோ.
நிழலும் ஜன்னல் வெளிச்சமும் மட்டும்
மண்டபத்தில், இந்த அறையில்,
யுபிஎஸ் கத்தாத நேரங்களில்.

சென்னையிலிருந்து பார்கவ் எழுதுகிறார்:
"பொம்மை மாதிரி இருக்கு. பெருசா தெரியணும்."
ஏழாவது தடவை.

ஜன்னல்களைச் சிறுக்கி ஆயிரம் கூட்டினேன்.
துரு வைத்தேன், துருவிலிருந்து ஒழுகல் வைத்தேன்.
காற்றே இல்லாத இடத்தில்
கொஞ்சம் மூடுபனியும் போட்டேன்;
தூரம் தெரிய அந்தப் பொய் வேண்டியிருந்தது.
ஆனாலும் அது
வாளித் தண்ணீரில் சோப்பு டப்பா.

"எவ்வளவு நீளம் இது?"
எட்டு கிலோமீட்டர் என்றேன்.
பொரிகடலை நின்றது.

"நம்ம பாலம் மாதிரி நாலு.
மூக்கை மண்டபம் ஸ்டேஷன்ல கட்டுனா
வால் தங்கச்சிமடத்துல கெடக்கும்.
இதையா ஷேர் ஆட்டோ மாதிரி ஒடிச்சுத் திருப்புறான்?"

சுக்கான் பிடிக்கிற மனுஷர்.
அவருடைய நாற்பத்தைந்து அடி விசைப்படகே
வெற்றிலை மடிக்கிற நேரம் யோசித்துவிட்டுத்தான்
திரும்பச் சம்மதிக்கும்.

"மூக்குல ஒருத்தன் திரும்புன்னு சொன்னா
வாலுக்குச் சேதி போக வேணாமா?
வால்ல நிக்கிறவன் தூங்கிக்கிட்டிருப்பான்.
அடுப்படி நடுவுல இருந்தா
மூக்குக்குப் போற டீ ஆறிப்போகும்.
அதுக்குத் தெனம் ஒரு சண்டை நடக்கும்.
எங்க அந்தச் சண்டை?"

முந்தின காட்சியைப் போட்டுக் காட்டினேன்.
வெள்ளைவெளேரென்று ஒரு கிரகம்.
"எங்கயும் பனியா?"
எங்கேயும்.
"வடக்க பெண்கடல் பேய் மாதிரி ஆடுது.
தெக்க ஆண்கடல் தட்டுல ஊத்துன கஞ்சியாட்டம் கெடக்கு.
நடந்தா எவ்வளவு தூரம்?
ஒரு உலகம் பூராவும் ஒரே குளிராம்."

அந்தப் பனியில் வாள் சுற்றிக்கொண்டிருந்த
ஆறு கைக்காரனைப் பற்றி
அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.
ஆறு கையை நம்பிவிட்டார்.
கப்பல் திரும்பியதைத்தான் நம்பவில்லை.

அவர் படுத்த பிறகு
வேகத்தை இருபதில் ஒன்றாக்கினேன்.
மூக்கோரம் ஒரு ஜன்னல் வரிசை
நிழலுக்குள் போக ஆரம்பிக்கிறது,
ஒவ்வொன்றாக,
கடைத்தெருவில் கதவு சாத்துவதுபோல.
வெளிச்சுவரில் கயிறு கட்டி
ஓர் ஆளைத் தொங்கவிட்டேன், பெயிண்ட் வாளியோடு.
மூன்று பிக்சல்.
அவனுக்கு நாளைக்கும் வேலை இருக்கும்;
எட்டு கிலோமீட்டர் அடித்து முடிக்கும்போது
ஆரம்பித்த இடம் துருவேறியிருக்கும்.

பாயிலிருந்து குரல்:
"அவனுக்கு லுங்கி கட்டிவிடு."

நாலரைக்கு அனுப்பினேன்.
ஐந்து மணிக்குப் பதில்:
"சூப்பர், இப்ப பெருசா இருக்கு.
ஆனா திரும்பவே இல்லையே?"

திரும்புகிறது.
நாலு விநாடி முடிகையில்
வால் இன்னும் பழைய திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது,
அவ்வளவுதான்.
அடுத்த ஷாட்டில் வந்துவிடும் என்று எழுதினேன்.

அடுத்த ஷாட் யாரிடம் இருக்கிறதென்று
எனக்குத் தெரியாது.
வேறு ஊரில், வேறு மழையில்
அந்த ஆள் தூங்கிக்கொண்டிருக்கலாம்.

விடிந்துவிட்டது.
கூண்டை இன்னும் இறக்கவில்லை.