இரண்டு மில்லிமீற்றர்

போட்டோக்கொப்பி மெசினுக்குப் பக்கத்தில் இரண்டடித் தொட்டி.
வரிசையில் நிற்கிற கம்பஸ் பிள்ளையள் கொதிக்காமல் நிற்கட்டும் என்று
திருநெல்வேலியில் கடை போட்ட வருசம் வாங்கினது.
கப்பி பதினொன்று, மொலி ஒரு சோடி,
பாசி மேய ஆறு சிவப்பு இறால்.
இறாலை ஆரும் பார்ப்பதில்லை.
"அக்கா, உது கறிக்கோ?" என்று
பட்ச்சுக்கு ஒருத்தன் கேட்பான்,
கேட்டவனே சிரிப்பான்.

சோதனைக் காலம்.
மெசினுக்குள் தாள் சிக்கி நான் குனிந்திருக்க
கண்ணுக்கு நேரே தொட்டி.
ஒருத்தியின் வயிற்றடியில் மஞ்சளாய் முட்டை.
சின்னக் கால்களால் விசிறுகிறாள்,
நிறுத்தாமல், ஆரோ நாட்கூலி கொடுக்கிற மாதிரி.
நகைக்கடைக் கலண்டரில் இருபத்தாறு நாள் வெட்டினேன்.

பிறந்தது இரண்டு மில்லிமீற்றர்.
மீசை, வால், கண் இரண்டு புள்ளி,
எல்லாம் அன்றைக்கே சரி.
என்ர மெசின் இருபத்தைந்து வீதத்துக்குக் கீழே சுருக்காது.
இவள் சுருக்கியிருக்கிறாள்
ஒரு கோடு கலங்காமல்.

பின்னேரம் எண்ணினேன், பத்தொன்பது.
விடிய நாலு.
கப்பிகளுக்கு வயிறு முட்டி
முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.
ஏச வாய் வந்தது.
நேற்று மத்தியானம் நான் தின்றது இறால் சொதி.
வாயை மூடிக்கொண்டேன்.
மிச்ச நாலில் இரண்டைப் பில்டர் இழுத்தது.

அடுத்தவள் முட்டை கட்டியதும்
ஸ்பொஞ்சைக் குடைந்து பில்டர் வாய்க்கு மாட்டினேன்.
வலைத்துண்டில் நூல் சுற்றிப் பாசி கட்டினேன்.
முற்றத்து வாதுமையின் காய்ந்த இலை இரண்டை
அவித்து ஆறவிட்டு அடியில் போட்டேன்,
அதன் மடிப்புக்குள் மேயவும் ஒளியவும்.
பைண்டிங் மட்டையை நீளநீளமாய் வெட்டி
வரிசை வரிசையாய் ஓட்டை அடித்து
தொட்டியின் குறுக்கே நட்டேன்.
குஞ்சு நுழையும். வாய் நுழையாது.
தண்ணி எங்கட கிணற்றுத் தண்ணிதான்.
கேத்திலின் அடியில் வெள்ளையாய்ப் படிகிற அதே சுண்ணாம்பு
இவைக்கு ஓடாகிறது.

பிறந்து ஐந்தாம் நாள்
பீ.எச்.ஐ. லோகிதன் மோட்டச்சைக்கிளில் வந்தார்.
ஒழுங்கையில் மூன்று பேருக்கு டெங்கு,
நாளைக்குப் புகை.
"இறால் இருக்கு, தம்பி."
"நுளம்புக்கு அடிக்கிற மருந்து, அக்கா.
அதுக்கு இறாலும் நுளம்பும் ஒரே சாதி."
போகப் போனவர் திரும்பி நின்றார்.
"உங்களிட்டக் கப்பி இருக்கோ?
மூடாத கிணறு நாலு இருக்கு,
புழு நெளியுது."

வலையால் அள்ளினேன், பதினொன்றையும்.
ஐஸ்கிறீம் வாளிக்குள் நின்றபடி என்னைப் பார்த்தன,
பசியோடு, பகை இல்லாமல்.
நீங்கள் தின்னத் தின்ன
எங்கட பிள்ளையளுக்குக் காய்ச்சல் இல்லை.
போங்கோ.

புகை வந்தபோது காற்றுப் பம்பை நிறுத்தினேன்.
தொட்டிக்குப் பொலித்தீன், அதன்மேல் நனைத்த போர்வை.
கதவிடுக்கில் ஈரத்துணி அடைக்க
இந்தக் கைக்கு ஆரும் சொல்லிக் கொடுக்கத் தேவையிருக்கவில்லை.
நாற்பது நிமிசம்
நானும் மெசினும் இருட்டும்.

போர்வையை எடுத்தால்
இலைமேல் வெள்ளையாய் ஒன்று, கால் மீசையோடு.
பக்கத்தில் இன்னொன்று. அங்காலே மூன்று.
கதிரையில் இருந்துவிட்டேன்.
கொப்பி எடுக்க வந்த அபிஷாயினிதான்
போன் வெளிச்சத்தைப் பிடித்துக் குனிந்தாள்.
"அக்கா, உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் கோது.
சட்டை மாத்தியிருக்கினம்."

பிறகு பாசி அசைந்தது.
இல்லை, பாசி இல்லை.

இருபத்திரண்டு என்கிறாள் அவள்.
எனக்கு முப்பது வருகிறது.
திரும்ப எண்ணினால் இருபத்தேழு, அதில் ஒன்று மண்.
வெளியில் ஒருத்தன் கோப்போடு நின்று
மேசையைத் தட்டுகிறான்:
முன்பக்கம் பின்பக்கம், அறுபது தாள், அவசரம்.

கொஞ்சம் பொறும் தம்பி.
இன்னும் எண்ணி முடியேல்லை.